யார் முன்னிலையில் இந்தச் சூளுரை?

(ஊரப்பாக்கத்தில், படிப்பகத் தோழர்கள் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சடங்கு என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மவர் முகத்திலே ஒரு சுளிப்புத் தோன்றும். தோன்றுவதில் வியப்பில்லை. புகை, புரியாத மொழி, தட்சிணை, தீட்டு — இவை நான்கும் கூடிய ஒன்றைத்தான் நெடுங்காலம் சடங்கு என்று நம் மக்களுக்குக் காட்டி வந்தார்கள். ஆனால், சடங்கே வேண்டாம் என்று எழுந்து போய்விட்டவர்களா நாம்? இல்லை! திருமணச் சடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தை விட்டு வெளியேறிவிடவில்லை. மண்டபத்தின் உள்ளே சென்றோம். புரோகிதர் இருந்த இடத்தில் ஊர்ப் பெரியவரை அமர்த்தினோம். புரியாத மந்திரத்தின் இடத்தில் மணமக்கள் தம் வாயாலே, தம் தாய்மொழியிலே சொல்லும் உறுதிமொழியை வைத்தோம். ஊரார் பழித்தார்கள், வழக்கு மன்றங்கள் செல்லாது என்றன. இறுதியில் 1967ஆம் ஆண்டு அண்ணா தலைமையில் அமைந்த அரசு அதற்கெனச் சட்டமே இயற்றிற்று. யார் முன்னிலையில், எந்த மொழியில், எதைச் சொல்லி ஒருவர் புதுவாழ்வுக்குள் நுழைகிறார் என்பது அற்பச் செய்தி அன்று என்பதை இந்த நாட்டில் நம்மைவிட நன்கறிந்தவர் எவர்?

அந்த அறிவோடு இன்று மருத்துவக் கல்லூரியின் வாயிலில் வந்து நிற்கிறோம்.

மருத்துவம் பயில வரும் பிள்ளைக்கு எத்தனை சடங்குகள் தெரியுமா? முதலாண்டில் வெள்ளை அங்கி அணிவிக்கும் விழா. உடற்கூறு அறையில், மேசைமேல் கிடத்தப்பட்ட உடலின் முன்னே நின்று எடுக்கும் உறுதிமொழி. படிப்பு முடிந்து பட்டம் பெறும் நாளில் இன்னொரு உறுதிமொழி. இவையெல்லாம் அழைப்பிதழ் அச்சிட்டு நடப்பவை. அழைப்பிதழ் இல்லாமல், விடுதியின் மாடியில், விளக்கணைந்த பின் நடக்கும் சடங்கும் ஒன்றுண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

வெள்ளை அங்கி விழாவை ஏதோ தொன்று தொட்டு வந்தது என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவிலே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் 1993ஆம் ஆண்டு அது முறையாகத் தொடங்கியது. அங்கிருந்துதான் உலகெங்கும் பரவிற்று. நம்மூர்ப் புதுமனை புகுவிழாக்களில் பல அதைவிட மூத்தவை! இருந்தாலும் அதில் ஒரு பொருள் இருக்கிறது. நேற்றுவரை பள்ளிச் சீருடையில் இருந்த பிள்ளை அந்த அங்கியை அணிந்த மறுகணம், முன்பின் அறியாத ஒருவர் தம் சட்டையைக் கழற்றி நெஞ்சைக் காட்டுகிறார்; பெற்ற தாயிடமும் சொல்லாததைச் சொல்கிறார். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய அதிகாரம்! இதைக் கையில் கொடுக்குமுன் ஒரு வாக்குறுதி வாங்கிக்கொள்வது முறைதானே? முறைதான். யாரிடம் வாங்குவது, யார் பேரால் வாங்குவது என்பதிலேதான் வழக்கு.

வழக்கு மதுரையிலே வெடித்தது. 2022 ஏப்ரல் 30ஆம் நாள், 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியில், முதலாண்டு மாணவர்களுக்கு அங்கி அணிவிக்கும் விழா. மேடையிலே மாநில அமைச்சர்கள் பழனிவேல் தியாகராசனும் மூர்த்தியும். வழக்கமாக எடுக்கும் இப்போகிரேட்டசு உறுதிமொழிக்கு மாறாக 'மகரிஷி சரக சபதம்' அங்கே ஒலித்தது. கல்லூரி முதல்வரை அரசு காத்திருப்போர் பட்டியலில் வைத்தது. சில நாட்களில் அவரை மீண்டும் அப்பதவியிலேயே அமர்த்தியது. வடமொழியிலா, ஆங்கிலத்திலா எம்மொழியில் படித்தார்கள் என்று ஏடுகளிலே ஒரு வாதம் நடந்தது. வாதம் சுவையானதே. ஆனால் எனக்கு உறுத்துவது வேறு.

அந்தத் தாள் வானத்திலிருந்து விழுந்ததன்று. இந்திய மருத்துவக் கழகத்தைக் கலைத்துவிட்டு 2020இல் அமைத்தார்களே, தேசிய மருத்துவ ஆணையம், அதன் பரிந்துரை அது. 2022 மார்ச் இறுதியில் வந்த சுற்றறிக்கையிலே, மருத்துவக் கல்விக்குள் மாணவர் நுழையும்போது திருத்தப்பட்ட சரக சபதத்தை எடுக்கலாம் என்றிருந்தது. அதே மாதத்தில் நாடாளுமன்றத்திலோ, இப்போகிரேட்டசு உறுதிமொழியை மாற்றும் எண்ணமே இல்லை என்று விடையளிக்கப்பட்டது! மாற்றவில்லை, பரிந்துரைக்கிறோம், கட்டாயமில்லை, சுற்றறிக்கை அனுப்புகிறோம். இந்த நடையை நாம் இன்றா பார்க்கிறோம்? கட்டாயமில்லாத ஒன்றைத் தலைநகரிலிருந்து தாளில் எழுதி அனுப்பினால், கீழே இருக்கும் கல்லூரியிலே அது கட்டளையாகிவிடும் என்பது அனுப்பியவருக்குத் தெரியாதா?

மாணவர்மீது எனக்குச் சினமில்லை, தோழர்களே. முதல்வர் மீதும் இல்லை. ஆயினும் எண்ணிப் பாருங்கள். அத்தனை பேர் கூடிய அரங்கில், வாழ்நாள் முழுதும் தம்மைக் கட்டப்போகும் சொற்கள் எவை என்று முதல்நாளே எழுத்தெண்ணிப் படித்துப் பார்த்து, இதன் பொருள் இது, இதை ஏற்கிறோம், இதை ஏற்கோம் என்று கேட்க ஒருவரும் இல்லாமற் போனார்கள். கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினார்கள். சொல்லச் சொன்னார்கள், சொன்னார்கள். புரோகிதர் சொல்லச் சொல்ல மணமகன் சொன்னானே, அதே முறை! அந்த விழா முதலில் கற்பித்த பாடம் இரக்கமன்று, கேள்வி கேளாமை.

சரி, அந்தச் சபதத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? கண்ணை மூடிக்கொண்டு தூற்றுவது நம் வழக்கமன்று, படித்துப் பார்ப்போம்.

சரகர் பெயரால் வழங்கும் நூலில், விமானத்தானம் என்னும் பகுதியின் எட்டாம் இயலிலே, ஆசான் மாணவனுக்கு அறிவுறுத்தும் இடம் வருகிறது. தீ வளர்த்து, அத்தீயின் முன்பும் அந்தணர் முன்பும் மருத்துவர் முன்பும் மாணவனை நிறுத்தி ஆசான் சொல்கிறார். உயர்ந்த சொற்கள் சில அதில் உண்டு, மறைக்கக்கூடாது. உன் உயிருக்கே கேடு வருமாயினும் நோயாளியைக் கைவிடாதே என்கிறது. நோயாளி வீட்டில் கண்டதை வெளியே பேசாதே என்கிறது. எவ்வளவு கற்றாலும் தற்பெருமை பேசாதே என்கிறது. இவற்றை எந்த நாட்டு மருத்துவரும் ஏற்பார்.

அடுத்த வரிகளைப் பாருங்கள். உயிர்களின் நலம் வேண்டும்போது பசுவையும் பார்ப்பனரையும் முதலில் வைத்து வேண்டு என்கிறது. அரசனின் பகைவர்க்கு மருத்துவம் செய்யாதே என்கிறது. கணவனோ காப்பாளரோ உடனில்லாத பெண்ணுக்கு மருத்துவம் செய்யாதே என்கிறது. இவற்றிலே பசுவும் பார்ப்பனரும் அரசனும் ஆணையத்தார் திருத்திய படியிலிருந்து நீங்கிவிட்டார்கள். பெண்ணைப் பற்றிய வரி மட்டும் நீங்கவில்லை! பெண் நோயாளியைக் கணவனோ நெருங்கிய உறவினரோ உடனிருக்கும்போது பார்ப்பேன் என்று, அதுவும் ஆண் மருத்துவர் சிறப்பாகக் கவனிக்கவேண்டும் என்ற குறிப்போடு, 2022இலும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெண் நோயாளியைச் சோதிக்கும்போது செவிலியர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பது நல்ல விதி. அது அவள் காப்புக்காக, அவள் விருப்பத்தின்பேரில். கணவன் உடனிருக்க வேண்டும் என்பது அவ்விதியன்று. தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்தில், 1984 முதல் இயங்கிவரும் அந்த ஆலைகளில், எத்தனை இளம்பெண்கள் பணிபுரிகிறார்கள்! தென்மாவட்டங்களிலிருந்து வந்து நான்கைந்து பேராய் ஓர் அறையில் தங்கி, ஊருக்குப் பணம் அனுப்பும் பெண்கள். அவர்களில் ஒருத்திக்கு நள்ளிரவில் வயிற்றுவலி. தோழி ஒருத்தியோடு அரசு மருத்துவமனைக்கு வருகிறாள். கணவன் எங்கே, உறவினர் எங்கே? கணவன் அடித்த காயத்தோடு வரும் பெண்ணுக்கு யார் முன்னிலையில் மருத்துவம் பார்ப்பது? அடித்தவன் முன்னிலையிலா? கைம்பெண்? கைவிடப்பட்டவள்? சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி மரபில் வந்த தாயின் மகள். கணவன் என்ற உரிமையே மறுக்கப்பட்ட பெண்களின் மரபு அது. அந்த மரபிலிருந்து ஒரு மருத்துவர் எழுந்து வந்த மண்ணிலே நின்றா இந்த வரியைச் சொல்வது?

இன்னொன்று. சரகரைக் கொண்டாடுவோர் சொல்லாது விடும் செய்தி. எந்த மரபின் பேரால் இது புகுத்தப்படுகிறதோ அந்த மரபின் சட்டநூல் மருத்துவனை எங்கே வைத்தது? மருத்துவன் இட்ட சோற்றைச் சீழுக்கு ஒப்பிட்டது மனுநூல்! நீத்தார் கடனுக்கு அழைக்கத் தகாதவர் பட்டியலில் அவனைச் சேர்த்தது. ஏன்? எல்லாச் சாதியாரின் உடலையும் தொட்டான், புண்ணைத் தொட்டான், பிணத்தைத் தொட்டான். சுசுருதர் நூலிலே, உடலை ஓடும் நீரில் ஏழு நாள் ஊறவைத்து, மெல்லத் தேய்த்து, உள்ளுறுப்புகளைக் கண்ணால் கண்டு அறியும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. எவ்வளவு துணிவான அறிவு! அந்த அறிவைத் தீட்டு என்ற ஒரே சொல் கொன்றது. அதே நூலிலே, மூன்று வருணத்தார்க்கே மருத்துவ உபநயனம், நான்காம் வருணத்தானுக்கு நற்குடியில் பிறந்தவனாயின் மந்திரமின்றிக் கற்பிக்கலாம் என்பர் சிலர் என்றும் காண்கிறோம். ஐந்தாமவனைப் பற்றிப் பேச்சே இல்லை.

1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலே மதுசூதன் குப்தா என்பவர் பிணத்தின் மேல் கத்தி வைத்தார். அவர் யார்? மேனாட்டிலிருந்து இறங்கியவரல்லர், ஆயுர்வேதம் கற்றவர், வடமொழிக் கல்லூரியில் ஆயுர்வேதம் கற்பித்தவர். அன்று வில்லியம் கோட்டையிலே பீரங்கி முழங்கிற்று என்று சொல்லி வருகிறார்கள். அதுவும் ஒரு சடங்குதான்! தீட்டை மீறியதற்கு முழங்கிய வேட்டு. பழமையில் எடுத்துக்கொள்ளத் தக்கது எது என்று கேட்டால், நான் மதுசூதன் குப்தாவின் கத்தியைக் காட்டுவேன்.

இப்படிச் சொன்னதும், "அப்படியானால் கிரேக்கனுடைய உறுதிமொழி மட்டும் இனிக்கிறதா?" என்று எதிர்ப்புறத்தார் கேட்பார்கள். கேட்கட்டும். நியாயமான கேள்விதான். அந்தப் பழைய கிரேக்க உறுதிமொழி அப்பல்லோ முதலிய தெய்வங்களை விளித்துத் தொடங்குகிறது. கலையை ஆசானின் மக்களுக்கும், சூளுரைத்த மாணவர்க்கும் மட்டுமே கற்பிப்பேன், பிறர்க்குக் கற்பியேன் என்கிறது. குலத்தொழில் வாடை அதிலும் வீசுகிறது! அடிமைகள் இருந்த சமுதாயத்தின் எழுத்து அது. ஆனால், வீட்டுக்குள் நுழையும் மருத்துவன் அங்குள்ள ஆணையோ பெண்ணையோ, அடிமையையோ அடிமையல்லாதாரையோ தகாத முறையில் அணுகக்கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்காக அந்தக் கிழவரை வணங்கலாம். அதற்காக அப்பல்லோவை நாம் சுமக்க வேண்டியதில்லை. சரகருக்கு எதிராக அப்பல்லோவை நிறுத்துவது நம் வேலையன்று.

உலகம் அந்த இடத்தைக் கடந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கடந்தது எப்படி? நாசி ஆட்சியில் சிறைக்கூடங்களிலே மனிதரை எலிகளைப்போல வைத்துச் சோதனை நடத்தியவர்கள் நியூரம்பர்கில் 1946 இறுதியில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் 23 பேர். அவர்களில் 20 பேர் மருத்துவர்கள்! படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள். அந்த அதிர்ச்சியின் பிறகுதான் 1948இல் உலக மருத்துவ மன்றம் செனீவாவில் கூடிப் புதிய உறுதிமொழி ஒன்றை வகுத்தது. கடவுள் பெயர் இல்லை. முனிவர் பெயர் இல்லை. மதம், நாடு, இனம், கட்சி, சமுதாயத் தகுதி எதுவும் எனக்கும் என் நோயாளிக்கும் இடையே வர விடேன் என்று மருத்துவர் சொல்கிறார். 2017இல் அதைத் திருத்தியபோது, நோயாளியின் தன்னுரிமையையும் மாண்பையும் மதிப்பேன் என்பதைச் சேர்த்தார்கள். நோயாளியின் தன்னுரிமை! இந்தச் சொல் சரகரிடமும் இல்லை, கிரேக்கரிடமும் இல்லை. நம் இயக்கத்துச் சொல்லகராதியிலே சுயமரியாதை என்று வைத்திருக்கிறோமே, அதன் உடன்பிறப்பு அது.

விடுதி மாடிச் சடங்குக்கு வருகிறேன் என்று சொன்னேன். 1996 நவம்பரில், அண்ணாமலை நகரின் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரியிலே முதலாண்டு மாணவர் நாவரசு, மூத்த மாணவன் ஒருவனால் கொல்லப்பட்டார். உடலைக் கூறுபடுத்தி வெவ்வேறிடங்களில் எறிந்திருந்தான். சென்னைப் பேருந்து ஒன்றிலே உடலின் ஒரு பகுதி கிடந்தது. நாடு நடுங்கிற்று. 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கண்டது. கீழ்மன்றம் தண்டித்தது, உயர்நீதிமன்றம் விடுவித்தது, 2011இல் உச்சநீதிமன்றம் தண்டனையை நிலைநாட்டியது. 2009இல் இமாசலப் பிரதேசத்து மருத்துவக் கல்லூரியிலே அமன் கச்ரூ என்ற மாணவரும் மூத்த மாணவர் அடியால் மாண்டார். உயிரைக் காக்கக் கற்கும் இடத்தில் ஏன் இது? தலைகுனிந்து நிற்கவைப்பது, மூத்தவன் சொன்னதைத் திருப்பிச் சொல்லவைப்பது, ஆடையைக் களையவைப்பது — இவையும் சடங்கின் உறுப்புகளே. இங்கே நுழைகிறவன் முதலில் அவமானப்பட வேண்டும், பிறகு அவமானப்படுத்தும் உரிமை பெறுவான் என்பது அந்தச் சடங்கின் வேதம். அப்படி உருவான டாக்டர் நாளை வெளிநோயாளர் பகுதியிலே, கசங்கிய வேட்டியோடு வரும் கிழவரை "ஏய், தள்ளி நில்" என்கிறார். இதைப் பார்க்காதவர் இந்த அரங்கில் யாரேனும் உண்டா?

2019இல் மும்பையில் பாயல் தத்வி என்ற பழங்குடி இனத்து மருத்துவர், மேற்படிப்புக் காலத்திலேயே உயிரிழந்தார். சாதி சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்று மூத்த மருத்துவர் மூவர்மீது வழக்கு. வெள்ளை அங்கி எல்லாரையும் ஒன்றாக்கிவிடும் என்பது அழைப்பிதழில் மட்டும்தான்.

ஆக, சடங்கு மனிதனை ஆக்கும், அழிக்கவும் செய்யும். எனக்கு நம்பிக்கை தரும் சடங்கு எது என்று கேட்பீர்களாயின், உடற்கூறு அறையிலே நடப்பதைச் சொல்வேன். மேசைமேல் கிடக்கும் உடலைத் தம் முதல் ஆசான் என்று மாணவர் வணங்கி, மதிப்போடு நடத்துவேன் என்று உறுதி கூறுகிறார்கள். இங்கே தீயில்லை, முனிவரில்லை. எதிரே ஒரு மனிதன். நெடுங்காலம் அந்த மேசைக்கு வந்தவர் யார்? உரிமை கோர ஆளில்லாத ஏழை. 1951ஆம் ஆண்டின் உடற்கூறுச் சட்டம் அதற்கு வழி செய்தது. வாழ்ந்த நாளில் மருத்துவரின் வாசலை மிதிக்க வழியற்றவன், மாண்டபின் மருத்துவரையே உருவாக்கினான்! இன்று மனமுவந்து உடல் கொடுப்போர் வருகிறார்கள். 2010இல் சோதிபாசுவின் உடல் கல்கத்தாவில் மருத்துவமனைக்குத் தரப்பட்டது; 2024இல் சீதாராம் யெச்சூரியின் உடல் தில்லி எய்ம்சுக்கு. நமக்கும் அவர்களுக்கும் ஆயிரம் வாதமிருக்கட்டும், இதிலே வாதமில்லை.

நம் பக்கத்து ஊரான திருக்கழுக்குன்றத்து இதேந்திரனை மறந்திருக்க மாட்டீர்கள். 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவுற்ற அந்தச் சிறுவனின் உறுப்புகளை, டாக்டர்களான அவன் பெற்றோர் கொடுத்தார்கள். தமிழகமெங்கும் உறுப்புக்கொடை பற்றிய பேச்சு பரவியது அதன்பின்தான். 2023 செப்டம்பரில், உறுப்பு ஈந்தோரின் இறுதி நிகழ்ச்சி அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார். இப்போது சிற்றூர்களிலே, கூலித் தொழிலாளியின் உடலுக்கு முன் அரசு அதிகாரி மாலையோடு வந்து நிற்கிறார். பிறப்பையும் சாதியையும் கேளாத சடங்கு ஒன்று இந்த மண்ணில் பிறந்திருக்கிறது, தோழர்களே!

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே, 1864 முதல், அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'இரணவைத்தியம்' என்று 1867இலும், 'கெமிஸ்தம்' என்று 1875இலும் பாடநூல்களை வெளியிட்டார். அறுபதுக்கும் மேற்பட்ட தமிழர் அவரிடம் பயின்று மருத்துவரானார்கள். பாடமே தமிழில் நடந்திருக்கிறது; உறுதிமொழியைத் தமிழில் சொல்ல என்ன தடை? செனீவா உறுதிமொழியைத் தமிழாக்குவது ஒரு மாலைப்பொழுதின் வேலை. 2020ஆம் ஆண்டின் சட்டத்தால் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்த பிறகு, வெள்ளை அங்கி விழா அரங்கிலே யார் அமர்ந்திருக்கிறார்கள்? ஆடு மேய்த்த தந்தை அமர்ந்திருக்கிறார். நூறுநாள் வேலைக்குப் போன தாய் அமர்ந்திருக்கிறார். மகள் மேடையில் கை நீட்டி ஏதோ சொல்கிறாள். சமஸ்கிருதமானாலும் ஆங்கிலமானாலும், அந்தத் தாய்க்கு இரண்டும் மந்திரமே! தன் மகள் தன்னைப்போன்ற ஏழைகளுக்கு என்ன வாக்களிக்கிறாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா?

தாம்பரம் சானடோரியத்தைத் தாண்டித்தான் நாம் எல்லாரும் பட்டணத்துக்குப் போகிறோம். 1928இல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளருக்கெனத் தொடங்கிய இடம் அது. 1990களில், எச்.ஐ.வி. நோயாளரைப் பல மருத்துவமனைகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலத்தில், அவர்களைச் சேர்த்துப் படுக்கை கொடுத்த மருத்துவமனையும் அதுவே. திருப்பி அனுப்பிய டாக்டர்கள் உறுதிமொழி எடுக்காதவர்களா? எடுத்தவர்கள்தாம். சேர்த்துக்கொண்டவர்களும் எடுத்தவர்கள்தாம். சொன்ன சொற்கள் ஒன்றாயிருந்தும் செயல் இரண்டானது ஏன் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. மேலதிகாரியையும் பரிசளிக்க வந்த விருந்தினரையும் பார்த்து நின்று சொல்லும் உறுதிமொழி, அவர்கள் போனதும் போய்விடுகிறது. நோயாளியைப் பார்த்து நின்று சொன்னதை, அவர் ஒவ்வொரு நாளும் வாசலில் வந்து நின்று நினைவூட்டுகிறார்.

ஆதலால் ஒரு வேலை சொல்கிறேன். செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி நமக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. இந்தப் பெருஞ்சாலையில் அடிபட்டவர் பலரை அங்கேதான் கொண்டு போகிறோம். காட்டாங்குளத்தூர்ப் பக்கம் தனியார் கல்லூரியும் இருக்கிறது. அடுத்த முதலாண்டு விழா எப்போது என்று கேளுங்கள். அங்கே படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம், எந்த உறுதிமொழியை எடுத்தாய், தாள் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் படியுங்கள். பெண் நோயாளியைப் பற்றிய அந்த வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் ஒருமுறை சொல்ல வைப்பீர்களா என்று கல்லூரிக்கு மனு எழுதுங்கள். முன்வரிசையில் ஒரு நாற்காலியை, அன்று மருத்துவமனைக்கு வந்த நோயாளி ஒருவருக்கு ஒதுக்குவீர்களா என்றும் அந்த மனுவிலேயே கேளுங்கள். மனுவின் படியையும், வரும் விடையையும் அடுத்த மாதக் கூட்டத்திற்குக் கொண்டு வாருங்கள். இங்கேயே படித்துப் பார்ப்போம்.